தெலங்கானா: பிரிந்து போனதா, ஒட்டாமலே இருந்ததா?

திருவல்லிக்கேணி வாசகர் | 3 ஜூன் 2024, காலை 7.10

ஐதராபாத் இரண்டு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகர் என்ற பத்தாண்டு ஏற்பாடு நேற்றோடு முடிந்துவிட்டது. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தபோது சட்டத்தில் எழுதிவைத்த கெடு அது. இனி ஆந்திரத்துக்கு அந்த நகரத்தின்மேல் சட்டப்படி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மொழி பேசுகிறவர்களை இரண்டாக வெட்டியது தவறு. 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு எங்கள் மயிலாப்பூரில் 58 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்டார். தெலுங்கருக்கு ஒரு மாநிலம் வேண்டும் என்பதற்காக விட்ட உயிர் அது. அதற்குப் பிறகுதான் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் வந்தது. மொழிவாரி மாநிலங்கள் என்ற கதவு நாடு முழுவதற்கும் திறந்ததும் அதனால்தான். அந்தக் கதவைத் திறந்தவர்களின் வீடே இன்று இரண்டாகக் கிடக்கிறது. எனக்கு இது பெரும் வருத்தம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.


மூசி நதிக்கரை | காலை 9.32

ஐயா, வெட்டியது என்கிறீர்கள். ஒட்டியது எப்போது, எப்படி என்று பார்த்தால்தான் அந்தச் சொல் பொருந்துமா என்று தெரியும்.

ஸ்ரீராமுலு உயிர் கொடுத்தது மதராஸ் மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிவதற்காக. அந்தக் கோரிக்கையில் தெலங்கானா இல்லை. தெலங்கானா அப்போது ஐதராபாத் மாநிலத்தில் இருந்தது. 1948 செப்டம்பர் வரை நிஜாம் ஆட்சி. உருதுவில் நிர்வாகம், ஜாகீர்தார்கள், கூலியில்லாத வெட்டி வேலை. அதே காலத்தில் கடலோர ஆந்திரத்தில் ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே கட்டிய கோதாவரி, கிருஷ்ணா அணைக்கட்டுகள் இருந்தன. பேச்சு ஒன்று, வாழ்க்கை வேறு.

மாநிலங்களை மறுசீரமைப்பது பற்றி 1955-இல் அறிக்கை தந்த பசல் அலி ஆணையம் இதைத் தெளிவாகவே பார்த்தது. ஐதராபாத் இப்போதைக்குத் தனி மாநிலமாகவே இருக்கட்டும், 1961 வாக்கில் வரும் பொதுத்தேர்தலுக்குப் பிறகு அதன் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விரும்பினால் ஆந்திரத்தோடு இணையலாம் என்றது. டெல்லி அதற்குக் காத்திருக்கவில்லை. தெலங்கானாவின் அச்சத்தைப் போக்க 1956 பிப்ரவரி 20-இல் இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பெரிய மனிதர் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். முதல்வர் ஒரு பகுதியிலிருந்து வந்தால் துணை முதல்வர் மறு பகுதியிலிருந்து வர வேண்டும். தெலங்கானாவின் உபரி வருவாயைத் தெலங்கானாவிலேயே செலவிட வேண்டும். அங்கே அரசு வேலைக்கு 12 ஆண்டு குடியிருப்பு வேண்டும். அமைச்சரவை 60-க்கு 40.

ஆந்திரத் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. நவம்பர் 1-இல் புதிய மாநிலத்தின் முதல் முதல்வர் ஆனவரும் அவர்தான். அவருடைய முதல் அமைச்சரவையில் துணை முதல்வர் என்று ஒருவர் இல்லை. மை காயவில்லை ஐயா. கையெழுத்திட்ட கையே முதல் நிபந்தனையை விட்டுவிட்டது.

ஆகவே தெலங்கானா பிரிந்து போகவில்லை. நிபந்தனையோடு சேர்ந்தது, நிபந்தனை காற்றில் போனதால் விலகிக்கொண்டது. இதை இப்படிப் பார்க்காதவரை 1969 கிளர்ச்சியும் புரியாது, 2009 கிளர்ச்சியும் புரியாது.


பெஜவாடா வாசி | பகல் 12.05

மூசி அவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார். மீதியை நான் சொல்கிறேன். மூன்று தலைமுறையாக விஜயவாடாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது.

ஆணையம் சொன்னதைச் சொன்னீர்கள். அதன்மேல் ஐதராபாத் சட்டமன்றம் என்ன சொன்னது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1955 டிசம்பரில் அங்கே கருத்துத் தெரிவித்தவர்கள் 147 பேர். இணைப்பை ஆதரித்தவர்கள் 103. எதிர்த்தவர்கள் 29. விசால ஆந்திரம், அதாவது தெலுங்கர் எல்லோருக்கும் ஒரே மாநிலம், வேண்டும் என்று தெலங்கானா கம்யூனிஸ்டுகளே வீதிவீதியாகப் பேசினார்கள். டெல்லி யார் கழுத்திலும் கயிற்றைக் கட்டி இழுத்து வரவில்லை.

58 ஆண்டுகளை ஒரு ஒப்பந்தத் தாளாக மட்டும் பார்க்கிறீர்கள். என் பெரியப்பா 1974-இல் ஐதராபாத் போனார். அது அவருடைய தலைநகரம். வேறு ஊரில் பிழைக்கப் போகிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. குண்டூரில் நிலம் விற்ற பணம் ஐதராபாத்தில் வீடானது, மருத்துவமனையானது, தொழிற்சாலையானது. 1998-இல் சைபர் டவர்ஸ் என்ற தகவல் தொழில்நுட்பக் கட்டடம் எழுந்தபோது மாநிலம் முழுவதன் உழைப்பும் அந்த ஒரு நகரத்தில் போய்க் குவிந்தது. விஜயவாடாவுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வர வேண்டியதையெல்லாம் தலைநகருக்கே கொடுத்தோம். நம்முடையதுதானே என்று கொடுத்தோம். பிறகு ஒரு நாள் காலையில், இது உங்களுடையது அல்ல, பத்து வருடத்தில் காலி செய்யுங்கள் என்றால் என்ன பொருள்?

வெட்டிய விதம் இன்னும் மோசம். 2014 ஜனவரி 30-இல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரி 13-இல் மக்களவையில் மிளகுப் பொடி தெளித்தார்கள்; எங்கள் பகுதி உறுப்பினர் செய்தது, நான் அதற்கு இன்றும் தலைகுனிகிறேன். ஆனால் 18-ஆம் தேதி நடந்தது என்ன? நேரடி ஒளிபரப்பு நின்றது. நாங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மசோதா நிறைவேறியது என்று எழுத்து ஓடியது. எட்டரைக் கோடிப் பேரின் மாநிலத்தை, அவர்கள் பார்க்கக்கூடாது என்று திரையை மூடிவிட்டுப் பிரித்தார்கள். என் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.


மூசி நதிக்கரை | பகல் 1.20

உங்கள் அம்மாவின் வருத்தத்துக்கு முன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் எண்ணிக்கைக்குப் பதில் உண்டு. அந்தச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் 174 பேர். ஆணையம் கேட்ட மூன்றில் இரண்டு பங்கு 116. உங்கள் 103 அதைத் தொடவில்லை. அந்த 103-க்குள் மராத்திப் பகுதி, கன்னடப் பகுதி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மறு ஆண்டு பம்பாய்க்கும் மைசூருக்கும் போகவிருந்தவர்கள், விட்டுப்போகும் வீட்டுக்கு யாரைக் குடிவைப்பது என்று வாக்களித்தார்கள்.


பெஜவாடா வாசி | பகல் 1.41

தெலங்கானா உறுப்பினர்களை மட்டும் தனியாக எண்ணினாலும் ஆதரித்தவர்கள்தான் அதிகம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


சட்ட மாணவி | பிற்பகல் 3.15

இருவரும் சம்மதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் அரசியலமைப்பில் சம்மதத்துக்கு இடமே இல்லை என்பதுதான் இதன் வேர்.

மூன்றாம் பிரிவின்படி ஒரு மாநிலத்தை உருவாக்கவோ, பிரிக்கவோ, எல்லையை மாற்றவோ நாடாளுமன்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுத் தலைவர் மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. பம்பாய் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1959-லேயே உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்ததற்குச் சட்டத்தில் எடையில்லை. அதேபோல 1956 ஒப்பந்தத்துக்கும் எடையில்லை. அது சட்டம் அல்ல, தலைவர்களின் வாக்குறுதி. மீறினால் நீதிமன்றம் போக முடியாது.

போனவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். வேலைக்குக் குடியிருப்பு நிபந்தனை வைத்த 1957 சட்டத்தின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 1969-இல் செல்லாது என்றது. தெலங்கானா எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. பிறகு 1972 அக்டோபரில், உள்ளூர்க்காரர்களுக்கே அரசு வேலை என்ற நிஜாம் காலத்து முல்கி விதிகள் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே கடலோரத்தில் ஜெய் ஆந்திரா கிளர்ச்சி வெடித்தது. பி.வி. நரசிம்ம ராவ் முதல்வர் பதவியை விட்டுப் போனார், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. பெஜவாடா வாசி அவர்கள் இதை மறக்கக்கூடாது. பிரிந்துபோகிறோம் என்று அப்போது தெருவில் இறங்கியவர்கள் ஆந்திரத்துக்காரர்கள்.

இன்னொன்று. பசல் அலி ஆணையம் விதர்பாவையும் தனி மாநிலமாக்கச் சொன்னது. அது இன்றுவரை வரவில்லை. அறிக்கையில் இருந்ததால் தெலங்கானா வந்தது என்பது சரியல்ல. போராடியதால் வந்தது, டெல்லிக்கு அந்த நேரத்தில் கணக்குச் சரியாக இருந்ததால் வந்தது.


சித்தூர் எல்லை | மாலை 6.48

எல்லோரும் ஆந்திரம், தெலங்கானா என்று இரண்டாகவே பேசுகிறீர்கள். ஆந்திரத்தின் தென்மேற்கில் ராயலசீமை என்று ஒரு பகுதி இருக்கிறது. நான் சித்தூர் மாவட்டத்துத் தமிழன். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். எங்களை யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

சென்னையில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடை பயிலும் நண்பர்கள் இங்கே இருப்பார்கள். அந்த நாகேஸ்வர ராவின் ஸ்ரீபாக் இல்லத்தில் 1937 நவம்பரில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. தனி ஆந்திரம் கேட்கக் கடலோரக்காரர்களுக்கு ராயலசீமையின் துணை தேவைப்பட்டது. எங்களுக்கு அச்சம் இருந்தது: அவர்களிடம் படிப்பும் தண்ணீரும் பணமும் இருந்தன, எங்களிடம் பஞ்சம் இருந்தது. தலைநகர், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்று ராயலசீமைக்கு, பாசனத்தில் எங்களுக்கு முன்னுரிமை என்று எழுதிக்கொடுத்தார்கள். அதன்படி 1953-இல் கர்நூல் தலைநகரானது. கூடாரங்களில் அலுவலகம் நடந்தது என்று என் தாத்தா சொல்வார். மூன்றே ஆண்டு. 1956-இல் ஐதராபாத் கிடைத்ததும் தலைநகரம் அங்கே போய்விட்டது. குண்டூரில் இருந்த உயர் நீதிமன்றமும் அங்கேதான் போனது. கர்நூலுக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை.

மூசி அவர்களே, உங்களுக்கு 1956-இல் நடந்தது எங்களுக்கு 1937-லேயே நடந்துவிட்டது. 2010-இல் தெலங்கானா கோரிக்கையை ஆராய மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்தபோது பல அளவுகோல்களில் தெலங்கானாவைவிட நாங்கள் பின்தங்கி இருந்தோம். பின்தங்கியதற்காக மாநிலம் என்றால் முதல் மாநிலம் அனந்தபூரில் வந்திருக்க வேண்டும்.

இதை உங்கள் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லவில்லை. 2014-இல் பிரித்தபோது எங்களைக் கடலோரத்தோடு கட்டிவிட்டு இரண்டு தரப்பும் கையைத் தட்டிவிட்டுப் போனீர்கள். அதைச் சொல்கிறேன்.


மூசி நதிக்கரை | இரவு 9.55

சித்தூர் நண்பர் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஸ்ரீகிருஷ்ணா குழு அப்படித்தான் சொன்னது. அந்தக் குழு முதலில் பரிந்துரைத்தது ஒன்றுபட்ட மாநிலத்தைத்தான், சட்ட அதிகாரம் கொண்ட தெலங்கானா மண்டலக் குழுவோடு. பிரிவினை அதன் இரண்டாவது தேர்வு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

ஆனால் புள்ளிவிவரத்தில் வராத ஒன்று உண்டு. என் தாத்தா 1950-இல் மதராஸிலிருந்து ஐதராபாத்துக்கு எழுத்தராக வந்தவர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவை என்று அப்போது நிறையப் பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 1952-இல் முல்கி கிளர்ச்சியில் மாணவர்கள் தெருவில் எழுப்பிய கோஷங்களில் ஒன்று "இட்லி சாம்பார் கோ பேக்". செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, மாணவர்கள் செத்தார்கள். அந்தக் கோஷம் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்து எழுந்தது. தாத்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம். கடைசிவரை அவர் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "அவன் வேலையில் நான் உட்கார்ந்திருந்தேன், அவன் கத்தாமல் என்ன செய்வான்?"

நான் 1980-களில் செகந்திராபாத்தில் படித்தேன். எங்கள் வகுப்பில் நல்கொண்டாவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். குழாயைத் தெலங்கானாவில் நல்லா என்பார்கள். கடலோரத்தில் குளாயி, நம் குழாய்தான். அவன் ஒரு நாள் தெலுங்கு வகுப்பில் எழுந்து, நல்லாவில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னான். கடலோரத்திலிருந்து வந்த ஆசிரியை சிரித்தார். வகுப்பே சிரித்தது. தமிழனான என் தெலுங்கு, புத்தகத் தெலுங்கு என்று பாராட்டுப் பெற்றது. அந்த மண்ணில் பிறந்த அவன் பேச்சு கொச்சை என்று திருத்தப்பட்டது. அவன் அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது, ஏனென்றால் நானும் சிரித்தேன்.

ஒரு தலைமுறை முழுவதும் திரையில் தெலங்கானாப் பேச்சு ரவுடிக்கும் கோமாளிக்கும்தான் கொடுக்கப்பட்டது. மொழி ஒன்று என்கிறீர்கள் வாசகர் ஐயா. அந்த ஒன்றுக்குள் எது மொழி, எது கொச்சை என்று முடிவு செய்தவர்கள் யார்?


பெஜவாடா வாசி | இரவு 10.30

சிரித்தது தவறு. எங்கள் பக்கத்தில் அந்தத் திமிர் இருந்தது, நான் மறுக்கவில்லை.

ஆனால் தலைவர்களைப் பாருங்கள். 1969-இல் தெலங்கானா பிரஜா சமிதியை நடத்திய சென்னா ரெட்டி, 1956 ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இறந்த கிளர்ச்சி அது. 1971 தேர்தலில் மக்கள் அவர் கட்சிக்குப் பத்து மக்களவை இடங்களைக் கொடுத்தார்கள். கொடுத்த ஆண்டிலேயே கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். பிறகு 1978-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கே முதல்வரானார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும், 1993 முதல் 1996 வரை உங்கள் ஆளுநர். செத்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர் என்ன பதில் சொன்னார்?

2011 மார்ச் 10-இல் ஐதராபாத்தின் ஏரிக்கரையான டாங்க் பண்டில் தெலுங்குப் புலவர்களின் சிலைகளை உடைத்து உசேன் சாகர் ஏரியில் தள்ளினார்கள். அந்தப் புலவர்களுக்குத் தெலங்கானா மேல் என்ன பகை? என் மகன் அப்போது பத்து வயது. ஏன் அப்பா தாத்தா சிலையை உடைக்கிறார்கள் என்று கேட்டான். தாடி வைத்த எல்லாச் சிலையும் அவனுக்குத் தாத்தா.


திருவல்லிக்கேணி வாசகர் | 4 ஜூன், காலை 6.50

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீராமுலுவின் கோரிக்கையில் தெலங்கானா இல்லை என்ற திருத்தத்தை ஏற்கிறேன். நான் அதைக் கலந்துவிட்டேன். அவர் கேட்டதில் மதராஸ் நகரமும் இருந்தது என்பதைத் தமிழர்கள் மறக்க மாட்டோம். நகரம் போய்விடுமோ என்று நம் பெரியவர்கள் பதறியதை நினைத்தால், ஐதராபாத்தை இழந்தவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒரு கேள்வி இன்னும் நிற்கிறது. 2009 டிசம்பர் 9 இரவு, நம் சிவகங்கைச் சிதம்பரம் உள்துறை அமைச்சராகத் தெலங்கானா அமைக்கும் நடவடிக்கை தொடங்கும் என்று அறிவித்தார். தெலங்கானா ராஷ்டிர சமிதித் தலைவர் சந்திரசேகர ராவ் பதினோரு நாளாகப் பட்டினி இருந்தார். இரண்டே வாரத்தில், 23-ஆம் தேதி, எல்லோரையும் கலந்து பேச வேண்டும் என்று பின்வாங்கினார்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஏன் சொல்ல வேண்டும்? சொன்ன பிறகு ஏன் பின்வாங்க வேண்டும்? அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் தீக்குளித்தார்கள். என்னால் பிரிவினையை மன்னிக்க முடிந்தாலும் அந்த இரண்டு வாரத்தை மன்னிக்க முடியாது.


பவானிக்கரை | காலை 8.15

புதியவன். 2021-இல் கொங்கு நாடு என்ற பேச்சு எழுந்ததே, அதற்கும் இந்த நியாயம் பொருந்துமா? எங்கள் பகுதி வரியில் அதிகம் கொடுக்கிறது என்கிறார்கள்.


மூசி நதிக்கரை | காலை 8.40

பொருந்தாது தம்பி. தெலங்கானாவுக்குத் தனி ஆட்சி வரலாறு இருந்தது, எழுதிக்கொடுத்த நிபந்தனை இருந்தது, அது மீறப்பட்ட கதை அறுபது ஆண்டு நீண்டது, ஊர் ஊராக மக்கள் போராட்டம் இருந்தது. 2011-இல் 42 நாள் சகல ஜனுல சம்மே, அதாவது எல்லா மக்களின் வேலைநிறுத்தம், நடந்தது. ஆசிரியர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பஸ் ஓட்டுநர் எல்லோரும் சம்பளத்தை இழந்து நின்றார்கள். அதிகம் கொடுக்கிறோம் என்பது வசதியானவர்களின் குறை. தண்ணீர், நிதி, வேலை மூன்றிலும் எங்கள் பங்கு வரவில்லை என்பதே தெலங்கானாவின் குறை.


சட்ட மாணவி | காலை 10.05

தண்ணீர் என்ற சொல் வந்துவிட்டது. பிரிந்ததால் தண்ணீர் தீர்ந்ததா என்று மூசி அவர்கள் சொல்ல வேண்டும். கிருஷ்ணா நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்ட பச்சாவத் நடுவர் மன்றம் ஒன்றுபட்ட ஆந்திரத்துக்குக் கிருஷ்ணாவில் ஒதுக்கியது 811 டி.எம்.சி. 2015-இல் தற்காலிகமாக ஆந்திரத்துக்கு 512, தெலங்கானாவுக்கு 299 என்று வைத்துக்கொண்டார்கள். தற்காலிகம் என்றது இன்னும் ஓடுகிறது. சென்ற நவம்பர் 30, தெலங்கானாவில் வாக்குப்பதிவு நாள். விடிவதற்குள் ஆந்திரப் போலீஸ் நாகார்ஜுன சாகர் அணைக்குள் புகுந்து பாதி மதகுகளைப் பிடித்துக்கொண்டு வலது கால்வாயைத் திறந்துவிட்டது. அணையின் நடுவில் முள்வேலி. ஒரே மாநிலமாக இருந்தபோது அது பொறியாளர்களின் சண்டை. இப்போது துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சண்டை.


மூசி நதிக்கரை | பகல் 11.30

தீரவில்லை. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். சாகர் அணையின் இடது கரை நல்கொண்டா. அந்த மாவட்டத்தின் மர்ரிகூடா பக்கம் நான் 1997-இல் போயிருந்தேன். நிலத்தடி நீரில் புளோரைடு. நாற்பது வயதுகூட ஆகாத ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் உள்ளே வளைந்து, முதுகு கூன் விழுந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் என்னைப் பார்த்தார். நாட்டின் மிகப் பெரிய அணைகளில் ஒன்று இருக்கும் மாவட்டத்தில், குடிக்க வேறு தண்ணீர் இல்லாமல் எலும்பு வளைந்த மனிதர். அவர் ஒரு செம்பில் எனக்குத் தண்ணீர் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அவர் தினமும் குடிப்பதை ஒரு முறை குடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பிரிந்த பிறகு கிராமங்களுக்குக் குழாயில் ஆற்று நீர் போனது. காகதியர் காலத்து ஏரிகளைத் தூர் வாரினார்கள். தவறுகளும் நடந்தன. காளேசுவரம் பாசனத் திட்டத்தின் மேடிகட்டா தடுப்பணையில் 2023 அக்டோபரில் தூண்கள் இறங்கின. அவ்வளவு பணம் கொட்டிய இடத்தில் அது மன்னிக்க முடியாத குற்றம். மக்கள் டிசம்பரில் முதல்வராக இருந்த சந்திரசேகர ராவைத் தோற்கடித்துக் கணக்கைத் தீர்த்தார்கள். தன் ஊர் ஆட்சியைத் தானே தூக்கியெறிய முடிகிறதே, அதுதான் எனக்கு மாநிலம்.


திருவல்லிக்கேணி வாசகர் | பகல் 12.10

சென்னையில் நாங்கள் குடிப்பதும் கிருஷ்ணாதான். 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட ஒப்பந்தம். கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வருகிறது. மேலே இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டினால் எங்கள் குழாயிலும் காற்றுதான் வரும்.


பெஜவாடா வாசி | 5 ஜூன், காலை 9.00

நேற்று ஆந்திரத் தேர்தல் முடிவு வந்துவிட்டது. 175-இல் தெலுங்கு தேசத்துக்கு மட்டும் 135. இனி ஆந்திரத்தின் புதிய தலைநகரான அமராவதியின் வேலை மீண்டும் தொடங்கும் என்கிறார்கள்.

என் மனைவியின் அண்ணன் அமராவதிக்கு நிலம் கொடுத்த 29 கிராமங்களில் ஒன்றில் இருக்கிறார். 2015-இல் தலைநகருக்காக விவசாயிகள் 33,000 ஏக்கருக்கும் மேல் கொடுத்தார்கள். அவர் கொடுத்தது நான்கு ஏக்கர், கிருஷ்ணாக் கரையின் மூன்று போகம் விளையும் மண். பதிலுக்கு வளர்ச்சி பெற்ற மனை தருகிறோம் என்று தாள் கொடுத்தார்கள். 2019-இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகர் என்றார்கள். போன பொங்கலுக்கு அங்கே போனபோது மனையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. கழியால் விலக்கிவிலக்கி எண் எழுதிய ஒரு கல்லைத் தேடினார். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. இங்கேதான் எங்கேயோ என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

மாநிலங்களவையில் 2014 பிப்ரவரி 20-இல் பிரதமர் மன்மோகன் சிங் ஆந்திரத்துக்கு ஐந்து ஆண்டு சிறப்பு அந்தஸ்து என்று வாக்களித்தார். அதைச் சட்டத்தில் எழுதவில்லை. வந்த அரசு கொடுக்கவில்லை. மூசி அவர்களே, 1956-இல் உங்களுக்கு எழுதிக்கொடுத்ததைச் செய்யாமல் விட்டது எங்கள் தலைவர்கள்தான். நேற்று இரவு இதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அது எனக்கு உறைத்தது. ஆனால் அதற்கு என் மைத்துனர் ஏன் அந்தக் கல்லைத் தேட வேண்டும்?


மூசி நதிக்கரை | காலை 9.48

தேடக்கூடாது. அவருக்கு வர வேண்டியது வர வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதுவேன், ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதுவேன். ஆனால் பிரிவினை தவறு என்று மட்டும் என்னைச் சொல்லவைக்க முடியாது.


பெஜவாடா வாசி | காலை 9.55

நானும் அது சரி என்று சொல்லப்போவதில்லை.


சித்தூர் எல்லை | காலை 11.20

அமராவதி எழட்டும், அந்த விவசாயிகளுக்கு மனை கிடைக்கட்டும். புதிய அரசு பதவியேற்றதும் நான் பார்க்கப்போவது வேறு ஒன்று. மூன்று தலைநகர் திட்டத்தில் உயர் நீதிமன்றம் கர்நூலுக்கு என்றார்கள், அதுவும் வரவில்லை. இப்போது எல்லாம் மறுபடி கிருஷ்ணாக் கரைக்குப் போகிறது. ஓர் அமர்வாவது கர்நூலில் உட்காருமா? 1937-இல் ஸ்ரீபாக் வீட்டில் எழுதிக்கொடுத்தது அது.